ஏலத்துக்கு வரும் பழைய பீட்டில் அசல்தானா? விலை கேட்கும் முன் செசி இலக்கத்தைப் படிப்பது எப்படி

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கொழும்பில் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியது; ஏல விளம்பரங்களில் "அசல்" என்ற சொல்லும் பெருகியது. அண்மையில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை ஏலத்தில் எடுத்தேன். அப்போது சோதித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓட்டிப் பார்ப்பது, துரு பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: முதலில் இரும்பு, பிறகு காகிதம்

பார்வையிடும் நாளில் அனுமதி கேட்டுப் பின் இருக்கையைத் தூக்குங்கள். வண்டியின் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பில், கியர்க் கம்பியின் சிறிய மூடித் தகட்டுக்குப் பின்னால், செசி இலக்கம், அதாவது தொழிற்சாலை அந்த வண்டிக்கு மட்டும் இட்ட எண், பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

தொலைபேசி வெளிச்சத்தை நான் நம்புவதில்லை; நேராக விழும் ஒளியில் பள்ளம் மேடு தெரியாது. சிறிய டோர்ச் ஒன்றை இலக்கத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அடுத்து மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். புகைப்படத்தைவிட இதுவே மேல். அராவிய கீறல்களும், ஓர் எண் மட்டும் ஆழமாக இறங்கியிருப்பதும் தாளில் அப்படியே தெரிந்துவிடும்.

இரு பக்கத் தரைத் தகடுகளில் ஒட்டு இருந்தால் பதற வேண்டாம். பற்றரி வலப்பக்கம் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அமிலமும் கடற்காற்றும் சேர்ந்து தகட்டைத் தின்றிருக்கும், மாற்றியிருப்பார்கள். ஆனால் இலக்கத்தைச் சுற்றிச் சதுரமாக ஒட்டுக்கோடு ஓடினால், வேறொரு வண்டியின் இலக்கத்தை வெட்டி ஒட்டியிருக்கலாம்; அந்த வண்டியை விட்டு வந்துவிடுங்கள்.

படி 2: ஆண்டைப் படிப்பது

பலரும் தடுமாறும் இடம் இது. 1964 ஆகஸ்டில் தொடங்கிய 1965 மாடலில் இருந்து செசி இலக்கம் 115 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் வண்டி வகை, மூன்றாவது மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். 117 என்றால் 1967 மாடல். அதற்கு முந்திய வண்டிகளில் இருப்பது வெறும் தொடர் எண். ஆண்டுவாரி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

ஃபோக்ஸ்வாகனின் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். 1966 அக்டோபரில் தயாரான வண்டியின் இலக்கம் 117 என்றுதான் தொடங்கும். அது கப்பலில் வந்து 1967 இல் இங்கே பதிவாகியிருந்தால், தயாரிப்பு ஆண்டு 1966, மாடல் 1967, முதற்பதிவு 1967. மூன்றும் சரி. ஆண்டு பொருந்தவில்லை என்று நல்ல வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். "1967 என்கிறார்களே" என்று கண்ணை மூடிக்கொண்டு விலை கேட்கவும் வேண்டாம். இந்த மூன்றில் எந்த ஆண்டைச் சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

படி 3: உடலும் தரையும் ஒரே வண்டியா?

பீட்டிலின் மேலுடல் தரைச் சட்டத்தோடு போல்ட்டுகளால் இணைந்தது. கழற்றி வேறொரு தரையில் ஏற்றிவிடலாம். இலக்கம் தரையோடு போய்விடும். 1965 மாடலில் கண்ணாடிகள் எல்லாமே பெரிதாயின. இலக்கம் 115 அல்லது அதற்கு மேல் என்று தொடங்க, கண்ணாடிகள் பழைய சிறிய அளவில் இருந்தால் அவை இரண்டு வண்டிகள். முட்டை வடிவப் பின்கண்ணாடி 1953 முதல் 1957 வரை வந்தது. விலையை ஏற்றுவதற்காக அந்த உடலைத் தேடிப் பொருத்துவோரும் உண்டு.

படி 4: எஞ்சின்

டைனமோ தாங்கிக்குக் கீழே எஞ்சின் இலக்கம் இருக்கும். எச் எழுத்தில் தொடங்கினால் அது 1500 சிசி, 1967 மாடலோடு வந்தது. 1963 வண்டியில் அதை வைத்துக்கொண்டு "பிறந்த எஞ்சின்" என்று சொல்ல முடியாது. எஞ்சின் மாறியிருப்பது குற்றமில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கிடைத்ததைப் பூட்டித்தான் நம் நாட்டில் வண்டிகளை ஓடவைத்தார்கள். மாறியதை மறைத்து இலக்கத்தை மீண்டும் பொறிப்பதுதான் மோசடி.

இந்த வேறுபாட்டுக்கு இலண்டனில் ஒரு வழக்கே நடந்தது. பிரான்ஸின் லு மான் கார்ப் பந்தயத்தை 1929, 1930 ஆண்டுகளில் வென்ற "ஓல்ட் நம்பர் ஒன்" என்ற பென்ட்லி காரின் பாகங்களில் பெரும்பாலானவை மாறிவிட்டன என்று கூறி, வாங்க ஒப்பியவர்கள் பின்வாங்கினார்கள். வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால் அது அதே வண்டிதான் என்று 1990 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும்.

படி 5: காகிதங்கள்

பதிவுப் புத்தகத்தை உங்கள் பென்சில் பிரதியோடு எண் எண்ணாக ஒப்பிடுங்கள். பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரங்களைச் சரிபாருங்கள். நிதி நிறுவனத்தின் உரிமை நிலுவையில் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். இலக்கத் தகடும் பேசும். இலங்கைத் தகடுகளில் ஸ்ரீ எழுத்து வந்தது 1950களின் பிற்பகுதியில். 1954 வண்டி என்கிறார்கள், தகட்டில் ஸ்ரீ இருக்கிறது என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் அது எங்கே இருந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள்.

வொல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வாகன் அருங்காட்சியக அறக்கட்டளை, செசி இலக்கத்தை வைத்துத் தயாரிப்பு நாள், முதல் நிறம் முதலியவற்றைச் சான்றிதழாகத் தருகிறது. ஆனால் தொழிற்சாலை ஏட்டில் உள்ள வண்டிக்குத்தான் அது சான்று, உங்கள் முன் நிற்கும் வண்டிக்கு அல்ல. இரும்பைப் பார்க்காமல் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம்.

பிற்சேர்க்கை: பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம் வண்டியில் இல்லையே என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். எஞ்சினை மாற்றியவர் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருக்கலாம். ஏலத்துக்கு முன்பே விற்பவரைக் கொண்டு அதைத் திருத்துவியுங்கள். முடியாது என்றால், அந்த எஞ்சின் எங்கே வாங்கியது என்பதற்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இரண்டும் இல்லாத வண்டிக்கு நான் விலை கேட்கமாட்டேன்.