மலோயா பழகிய காதுக்கு சாம்பா: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

பிரேசிலின் சாம்பா இசை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் உடனே ரியோ கார்னிவல் வீடியோ ஒன்றைத்தான் அனுப்பி வைக்கிறோம். அதை அனுப்பாதீர்கள். இறகு, மினுமினுப்பு, இருநூறு முந்நூறு பேர் சேர்ந்து அடிக்கும் மேளம் எல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தால் எதுவுமே பிடிபடாது. ஒரு நீளமான கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கிற வேலை அது.

ரெயூனியன் தீவில் இருக்கிற நமக்கு வேறு வழி இருக்கிறது. கபார் என்ற இசைக் கூடுகையில் நம் தீவின் மலோயா இசையைக் கேட்டிருக்கிறோம், தீமிதிக்கு முன்னால் வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறோம். சாம்பாவும் அந்த மாதிரி வட்டத்தில்தான் பிறந்தது. அங்கேயும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள், தோல் தளர்ந்தால் செய்தித்தாளைக் கொளுத்திச் சூடு காட்டினார்கள். அதனால் வட்டத்தில் தொடங்கித் தெருவுக்குப் போவோம். கையில் ஒரு தட்டு, மொட்டையான ஒரு மேசைக்கத்தி, ஒரு தீப்பெட்டி இருந்தால் போதும். மேளம் வாங்க வேண்டாம்.

முதலில் காதைச் சரி செய்துகொள்ளுங்கள். மலோயா மூன்று மூன்றாக ஓடும்: தகிட தகிட, தகிட தகிட. கிலுகிலுப்பை மாதிரியான காயாம்பை ஆட்டும்போது கை தானாக அப்படித்தான் போகும். சாம்பா நாலு நாலு: தகதிமி தகதிமி. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாயால் சொல்லிப் பாருங்கள், சொல்லும்போது நடந்துகொண்டே சொல்லுங்கள். ஒரு தகதிமிக்கு ஒரு அடி. இடது காலை லேசாக வையுங்கள், வலது காலை ஊன்றி வையுங்கள், ஏனென்றால் சாம்பாவில் பெரிய மேளம் கனமாக விழுவது இரண்டாவது அடியில்தான். நாம் முதல் அடியில் கனத்தை எதிர்பார்த்தே பழகியிருப்பதால் கொஞ்ச நேரம் தடுமாறும். இன்னொன்று, அந்தத் தகதிமி நாலும் ஒரே சீராக இருக்காது. முதல் 'த'வும் கடைசி 'மி'யும் கொஞ்சம் அழுத்தமாக, நடுவில் இரண்டும் நெருக்கமாக வரும். மூன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட ஒரு தள்ளாட்டம். மலோயா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும் என்பது என் கணிப்பு, சுத்தமாகத் தாளம் போட்டுப் பழகியவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுவார்கள்.

அப்புறம் பயீயாவுக்குப் போங்கள். பிரேசிலின் வடகிழக்கில், சால்வடோர் நகரத்தை ஒட்டிய வளைகுடாவைச் சுற்றியுள்ள நிலப்பரப்பை ரெகோன்கவோ என்பார்கள். கரும்பு, புகையிலை, ஆலை, அடிமைகள். நம் தீவின் செயின்ட் ஆந்த்ரே ஊரில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அமெரிக்கக் கண்டத்திலேயே மிக அதிகமான ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கிய நாடு பிரேசில், கிட்டத்தட்ட 48 லட்சம் பேர். அடிமை முறையைக் கடைசியாக ஒழித்ததும் அதே நாடுதான், 1888 மே 13-ல். இங்கே 1848 டிசம்பர் 20-ல் முடிந்தது அங்கே இன்னும் நாற்பது வருஷம் இழுத்தது. அங்கோலா, காங்கோ பக்கத்திலிருந்து வந்தவர்களின் வட்ட ஆட்டமும் போர்த்துக்கீசியரின் நரம்புக் கருவியும் சேர்ந்து அங்கே உருவானதுதான் சாம்பா டி ரோடா, அதாவது வட்ட சாம்பா. யுனெஸ்கோ அதை 2005-ல் அங்கீகரித்தது. நம் மலோயாவுக்கு 2009-ல் அந்த இடம் கிடைத்தது.

தேடும்போது 'சாம்பா டி ரோடா' என்றே போட்டுத் தேடுங்கள். பழைய ஆட்கள் உட்கார்ந்து பாடும் வீடியோ கிடைத்தால் முதலில் கால்களைப் பாருங்கள். பாதம் தரையை விட்டு எழும்பவே எழும்பாது, மணலில் தேய்த்துக்கொண்டே பொடிப் பொடியாக நகரும், ஆனால் இடுப்பு முழுக்க ஆடும். சூலா என்ற வகையில் பாட்டு நடக்கும்போது யாரும் ஆடக் கூடாது. பாடி முடித்து மேளமும் கைத்தட்டலும் மட்டும் மிஞ்சிய பிறகு ஒரு பெண் உள்ளே வருவார், வட்டத்தைச் சுற்றுவார், அடுத்தவர் முன்னால் போய் வயிற்றோடு வயிறு லேசாக இடித்துவிட்டு விலகுவார். முறை மாறிவிட்டது என்று அர்த்தம். கொர்ரீடோ என்ற வகையில் பாட்டும் ஆட்டமும் ஒன்றாகவே போகும்.

இப்போது தட்டை எடுங்கள். அந்த வட்டத்தில் பெண்கள் வாசிக்கும் கருவி அது, நிஜமாகவே சாப்பாட்டுத் தட்டும் கத்தியும்தான். தட்டை இடது உள்ளங்கையில் சாய்த்துப் பிடித்து, கத்தியின் மொட்டைப் பக்கத்தால் விளிம்பைச் சுரண்டுங்கள், குத்த வேண்டாம். மேலும் கீழுமாக நிற்காமல் தகதிமி தகதிமி என்று கை ஓடிக்கொண்டே இருக்கட்டும், 'த'விலும் 'மி'யிலும் மட்டும் கொஞ்சம் அழுத்துங்கள். எவர்சில்வர் தட்டு ரொம்பக் கத்தும். பீங்கானோ எனாமலோ நல்லது. இதைச் சலிக்கும் வரை செய்த பிறகு அந்தப் பழைய பாட்டுகளைத் திரும்பக் கேட்டால், முன்பு கேட்காத ஒரு சுரண்டல் சத்தம் பாட்டு முழுக்க ஓடுவது கேட்கும்.

அடிமை முறை ஒழிவதற்கு முன்னும் பின்னும் பயீயாவின் கறுப்பின மக்கள் பிழைப்புத் தேடி அப்போதைய தலைநகரான ரியோவுக்குப் போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய சாவுடே, கம்போவா பகுதிகளிலும் பிராசா ஓன்ஸே சதுக்கத்தைச் சுற்றியும் குடியேறினார்கள். அங்கே சமையலிலும் சாமி காரியத்திலும் கைதேர்ந்த பெரியம்மாக்கள்தான் தலைவர்கள். அவர்களில் பெரிய பெயர் தியா சியாட்டா. 1854-ல் ரெகோன்கவோவின் சாந்தோ அமாரோ ஊரில் பிறந்தவர், வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாகத் தெருவில் பலகாரம் விற்றவர். அவர் வீட்டு விழாக்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: முன்னறையில் மரியாதையான ஷோரோ இசை, பின்னறையில் சாம்பா, கொல்லையில் மேளம். போலீஸ் எட்டிப் பார்த்தால் முன்னறைதான் கண்ணில் படும். கையில் பண்டெய்ரோ (கஞ்சிரா மாதிரியான மேளம்) வைத்திருந்தாலே தெருவில் பிடித்துப் பறிமுதல் செய்த காலம் அது. அந்த வட்டத்தைச் சேர்ந்த ஜோவாவ் டா பையானாவின் பண்டெய்ரோவைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு செனட்டரே புதிதாக ஒன்று செய்து தன் பெயர் பொறித்துக் கொடுத்தாராம். மலோயாவைக் கண்டு முகம் சுளித்த காலத்தை இங்கே இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும், அதனால் இதை நீட்ட வேண்டாம்.

அந்த வீட்டு வட்டத்திலிருந்து டோங்கா என்பவர் 1916 நவம்பரில் தேசிய நூலகத்தில் ஒரு பாட்டைத் தன் பெயரில் பதிவு செய்தார்: 'பெலோ டெலிஃபோனி'. 1917 கார்னிவலில் இசைத்தட்டாக ஊரெல்லாம் ஒலித்தது. வட்டத்தில் பல வாய் சேர்ந்து உருட்டிய பாட்டை ஒருவர் எழுதிக்கொண்டார் என்ற சண்டை அப்போதே எழுந்தது, அதில் எனக்கு வட்டத்தின் பக்கம்தான் அனுதாபம். இந்தப் பாட்டைக் கேட்டால் 'இதுவா சாம்பா?' என்று தோன்றும். தோன்றட்டும். தகிட தகிட தக என்று கைத்தட்டிப் பாருங்கள், மூன்று, மூன்று, இரண்டு, ஒவ்வொன்றின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. பாட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். அந்தக் காலத்து ஜோடி நடனமான மஷீஷியின் நடை அது.

உண்மையான திருப்பம் அடுத்த பத்து வருஷத்தில், எஸ்டாசியோ என்ற பேட்டையில் நடந்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இஸ்மாயெல் சில்வா, பிடே போன்ற இளைஞர்கள் 1928-ல் 'டெய்ஷா ஃபலார்' என்ற கூட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பிரச்சினை ரொம்ப சாதாரணமானது. பழைய சாம்பாவுக்கு அறைக்குள் ஜோடியாக ஆடலாம், தெருவில் கூட்டமாக நடக்க முடியாது. இஸ்மாயெலே பின்னாளில் இப்படித்தான் விளக்கினார். நடப்பதற்கு ஏற்ற மாதிரி தாளத்தைப் பிரித்துப் போட்டார்கள். நடையைப் பிடித்து வைக்கக் கனமான சத்தம் ஒன்று தேவைப்பட்டதால், பிடே ஒரு பெரிய வெண்ணெய் டின்னில் தோலைக் கட்டி சுர்டோவைச் செய்தார் என்று சொல்வார்கள். உள்ளே ஒரு குச்சியை ஈரத்துணியால் தேய்த்தால் முனகும் குயீக்காவும், டம்போரிம் என்ற சின்ன மேளமும் சேர்ந்துகொண்டன.

புதிய தாளத்தைக் கையால் போட்டால்தான் புரியும். பழையது 8 எண்ணிக்கையில் ஒரு சுற்று, புதியது 16. அதை 7 ஆகவும் 9 ஆகவும் பிரித்திருக்கிறார்கள், மிருதங்கம் கற்றவர்கள் மிஸ்ரமும் சங்கீர்ணமும் பக்கத்தில் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். வாயால் சொல்லுங்கள்:

தக த தக தக, தக த தக தக தக.

ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு தட்டு, மொத்தம் ஒன்பது தட்டு. 'தக' என்றால் இரண்டு எண்ணிக்கை, 'த' என்றால் ஒன்று. காலால் நடையை விடாதீர்கள், கை காலோடு ஒட்டாமல் நழுவிக்கொண்டே போய் சுற்று முடியும் இடத்தில் வந்து சேரும். சுற்றை எங்கே தொடங்குவது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும், அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். கை ஓடத் தொடங்கியதும் தீப்பெட்டியைப் பாதி காலியாக்கி விரல்களால் தட்டுங்கள். ரியோவின் மதுக்கடை மேசைகளில் எத்தனையோ பாட்டு தீப்பெட்டித் தாளத்தில்தான் கட்டப்பட்டது. அதன் பிறகு 1930-களின் பதிவுகளை, முக்கியமாக 26 வயதிலேயே காசநோயில் போய்விட்ட நோயெல் ரோசாவின் பாட்டுகளைக் கேளுங்கள். தாளம் மட்டுமல்ல, பாடும் வரிகளே அந்த நழுவலில் நிற்பது தெரியும்.

வானொலிக் காலத்தை வேகமாகத் தாண்டலாம். ஜெத்துலியோ வார்காஸ் ஆட்சி சாம்பாவை நாட்டின் அடையாளமாக்கியது, முந்தைய நாள் வரை விரட்டிய அரசே இப்போது நாட்டைப் புகழ்ந்து பாடச் சொன்னது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, பெரிய வார்த்தைகள். எனக்கு அவ்வளவாக ஒட்டாது.

1958-ல் ஜோவாவ் ஜில்பெர்டோ கிட்டாரோடு வந்தபோது அதைப் புது இசை என்றார்கள், போசா நோவா. நம் பயிற்சிக்கு அது அருமையான சோதனை. கிட்டாரை மட்டும் கவனியுங்கள்: கட்டைவிரல் அடிக்கும் தடித்த சத்தம்தான் சுர்டோ, மற்ற விரல்கள் சேர்ந்து இழுப்பது டம்போரிம். முழுக் கூட்டத்தையும் ஒரே ஆள் மடியில் வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு கட்டாயம் கார்டோலா. 1928-ல் மங்கெய்ரா சாம்பா பள்ளியை (கார்னிவலில் ஊர்வலம் போகும் கூட்டங்களுக்கு அங்கே அதுதான் பெயர்) தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு எல்லோரும் மறந்துபோய், 1950-களில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தார். தன் பெயரில் முதல் எல்.பி. வெளிவந்தது 1974-ல், 65 வயதில். அந்த இசைத்தட்டை இரவில், விளக்கை அணைக்காவிட்டாலும் சரி, போனை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

1970-களில் சாம்பா மறுபடியும் கொல்லைக்கு வந்தது. ரியோவின் ராமோஸ் பகுதியில் காசிக்கி டி ராமோஸ் என்ற கார்னிவல் கூட்டம், அதன் முற்றத்தில் ஒரு புளியமரம், ஆமாம் நம் புளியமரமேதான். அதன் அடியில் மேசை போட்டுப் பாடியவர்கள் கருவிகளையே மாற்றினார்கள். நின்று அடிக்கும் சுர்டோவுக்குப் பதில் மடியில் வைத்துக் கையால் தட்டும் தந்தா, குச்சியில்லாமல் அடிக்கும் கை ரெபீக்கி என்ற மேளம், மைக் இல்லாமலே கூட்டத்தின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பாஞ்சோ என்ற நரம்புக் கருவி. பாடகி பெத் கார்வாலியோ அங்கே போய்க் கேட்டுவிட்டு அவர்களையே 1978-ல் தன் இசைத்தட்டில் வாசிக்க வைத்தார். இன்று பகோடி என்கிற வகை அங்கிருந்து வந்தது.

இப்போது வேண்டுமானால் கார்னிவல் பாருங்கள். சாம்பா பள்ளிகளின் முதல் போட்டி 1932-ல் நடந்தது, மங்கெய்ரா ஜெயித்தது. ஊர்வலத்துக்கென்று கட்டடக் கலைஞர் நீமாயெர் வடிவமைத்த சாம்போட்ரோமோ அரங்கம் 1984-ல் திறந்தது. பார்க்கும்போது இரண்டு வேலை. ஒன்று, பெரிய பாவாடை சுழலச் சுழல நடக்கும் வயதான பெண்களின் அணியைத் தேடுங்கள். எந்தப் பள்ளியும் அவர்கள் இல்லாமல் இறங்க முடியாது, தியா சியாட்டா போன்றவர்களுக்கான மரியாதை அது. இரண்டு, மற்ற பள்ளிகளில் இரண்டு சுர்டோக்கள் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும், மங்கெய்ராவில் பதில் வராது, இரண்டாவது அடியில் ஒரே கனம். கண்ணை மூடிக்கொண்டே இது எந்தப் பள்ளி என்று சொல்லிவிடலாம். இப்போதைய ஊர்வலப் பாட்டுகள் வேகம் கூடிப் போய்விட்டன என்ற புகாரில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நாலு பேர் சேர்ந்தால் வீட்டிலேயே ஒரு ரோடா போடலாம். மேசையைச் சுற்றி உட்காருங்கள், மேடை மாதிரி ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கெட்டது. மலோயாவின் பெரிய மேளமான ரூலேர் இருந்தால் அதுதான் சுர்டோ: ஒன்றில் தோல்மேல் கையை வைத்து அடக்கி, இரண்டில் திறந்து அடியுங்கள், ஒரே ஆள் போதும். காயாம்ப் வைத்திருப்பவர் மூன்றை மறந்து நாலில் ஆட்ட வேண்டும், சண்டை வருவது பெரும்பாலும் இவரால்தான். தட்டும் தீப்பெட்டியும் மேலே. ஒருவர் இரண்டு வரிப் பல்லவி எடுக்க, எல்லோரும் வாங்க, நடுவில் ஆளுக்கு நாலு வரி இட்டுக்கட்டிப் பாடலாம், கிரியோலோ தமிழோ எது வாயில் வருகிறதோ அது. பார்டிடோ ஆல்டோ என்று அங்கே செய்வதும் இதுதான். உற்சாகத்தில் வேகம் ஏறும். ஏறினால் ரூலேர்க்காரர் மட்டும் இழுத்துப் பிடிக்கட்டும், மற்றவர்கள் அவர் கையைப் பார்த்து இறங்குங்கள். இரவு பத்துக்கு மேல் ரூலேரை ஓரம் வைத்துவிட்டுத் தீப்பெட்டியோடு தொடருங்கள், பக்கத்து வீட்டுக்காரரும் நம் ஆள்தான் என்றாலும் அவருக்குக் காலையில் வேலை இருக்கும்.