ஊர் 108 வண்டிய தூக்கிட்டாங்களா? மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

ஆம்புலன்ஸ கொறைக்கிறோம்னு யாரும் தண்டோரா போட மாட்டாங்க. வண்டி சர்வீஸுக்கு போயிருக்கும்பாங்க, அப்புறம் பக்கத்து ஒன்றியத்துல ஆள் பத்தலன்னு நைட் ஷிப்ட் மட்டும் அங்க போகும், பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) ராத்திரி இருந்த ஸ்டாஃப் நர்ஸ் டெபுடேஷன்ல போயிருப்பாங்க, இப்படி துண்டு துண்டா போயி யாருக்காவது நெஞ்சுவலின்னு போன் போடும்போதுதான் ஊருக்கே விஷயம் தெரியும். எங்க ஊர்லயும் அதே கததான். நாங்க செஞ்ச மொத தப்பு நேரா மறியலுக்கு போனது, பஸ்ஸ மறிச்சு கேஸ் வாங்குனதுதான் மிச்சம், நாங்க மறிச்ச ரோட்டுலதான ஆம்புலன்ஸும் வரணும்னு அப்ப ஒருத்தனுக்கும் தோணல.

அதனால மொதல்ல ஒரு நோட்டு. டீக்கடையிலயோ ரேஷன் கடையிலயோ வச்சு, 108க்கு கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் தேதி, கூப்பிட்ட நேரம் (போன்ல கால் லாக் இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க), வண்டி வந்த நேரம், எந்த ஊர்ல இருந்து வந்துச்சு, ஜிஹெச்சுக்கு எப்ப போய் சேந்துச்சு, இவ்ளோதான். நோயாளி பேர் வேணாம். "லேட்டா வருதுங்க"ன்னா தலையாட்டிட்டு விட்ருவாங்க, ரெண்டு மாச கணக்க நீட்டுனா பதில் சொல்லியாகணும்.

கூடவே ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. வண்டிய ஓட்டுறது தனியார் நிறுவனம்னாலும் பணம் குடுக்குறது அரசாங்கம், அதனால மனு சுகாதாரத்துறை பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபா கட்டணம். தப்பான ஆபீசுக்கு போட்டாலும் 6(3) பிரிவுப்படி 5 நாளைக்குள்ள சரியான இடத்துக்கு அவங்களே மாத்தி அனுப்பணும். "ஏன் எடுத்தீங்க"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கிற கேள்விக்கு நழுவிருவாங்க. போன 12 மாசத்துல வண்டி எத்தன நாள் ஓடல, எந்த உத்தரவு எண்படி இடம் மாத்துனாங்க, லாக் புக் நகல், இப்படி காகிதத்த கேளுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு வண்டிங்கிற தேசிய சுகாதார இயக்கத்தோட கணக்க தூக்கி காட்டுவாங்க, அசந்துராதீங்க, தலைய எண்ணுற கணக்கு அது, மலை ரோட்டுல எத்தன நிமிஷம் ஆகும்னு அதுல இல்ல. உங்க நோட்டுல இருக்கு.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல எது பக்கத்துல வருதோ அதுல தீர்மானம் போடுங்க. தீர்மான புக்குல எழுதி படிச்சு காட்டுன பிறகு கையெழுத்து, வெத்து பேப்பர்ல போட்டுட்டு வந்துராதீங்க. அந்த நகலோட திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்து ரசீது வாங்கிக்கங்க. மனுவுல ஒரே ஒரு கோரிக்கை, "இந்த வண்டி 24 மணி நேரமும் இந்த இடத்துல நிக்கணும்". ரோடு, தண்ணி, தெருவிளக்குன்னு சேத்தா அதுல ஒண்ண செஞ்சுட்டு மனுவ முடிச்சிருவாங்க.

நிதி இல்லன்னு சொன்னா 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப எடுத்து வைங்க, மேற்கு வங்கத்துல ரயில்ல இருந்து விழுந்த ஒரு கூலித் தொழிலாளிய கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணும் திருப்பி அனுப்புன கேஸ், அவசர சிகிச்ச குடுக்காதது அரசியலமைப்போட 21வது பிரிவு (உயிர் வாழுற உரிமை) மீறல், காசு இல்லங்கிறது சாக்கு ஆகாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு.

பைலட்டையும் (வண்டி டிரைவர்) இஎம்டியையும் (வண்டியில வர்ற முதலுதவி ஆள்) திட்டாதீங்க ப்ளீஸ். அவங்களும் 12 மணி நேர ஷிப்ட்ல கெடந்து சாகுறாங்க, வண்டி எங்க போகுதுன்னு மொதல்ல தெரியுறதும் அவங்களுக்குத்தான்.

வண்டி திரும்பி வந்தாலும் நோட்ட மூடாதீங்க. எங்களுக்கு வந்த வண்டி பகல்ல மட்டும்தான் நின்னுச்சு, அது பிடிபட்டதே நோட்டுல ராத்திரி கால் எல்லாத்துக்கும் வேற ஊர் பேரா இருந்ததுலதான்.