துளையில்லாத அழகுத் தொட்டியில் செடி வைக்கும் முறை

அடியில் துளையில்லாத பீங்கான் ஜாடியிலோ பித்தளைப் பானையிலோ மண்ணைக் கொட்டி நேரடியாகச் செடி நடாதீர்கள். கீழே கூழாங்கல் பரப்பினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அது உதவாது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். கல் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு ஈரச்சேறும் மேலேறி வேரை நெருங்கும். காற்றில்லாமல் வேர் அழுகும்.

நர்சரியில் தந்த, துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை அப்படியே உள்ளே இறக்குங்கள். வெளித்தொட்டி 2 முதல் 3 செ.மீ. கூடுதல் அகலமாக இருந்தால் எடுத்து வைக்கச் சுலபம். உள்தொட்டி தண்ணீரில் நிற்காதபடி, அடியில் ஓட்டுச் சில்லோ பாட்டில் மூடிகளோ வையுங்கள். மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்ததும் வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். வெளித்தொட்டியில் நீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

நேரடியாகத்தான் நட வேண்டுமென்றால் துளை போட்டுவிடுவதே நல்லது. பீங்கானுக்கு 10 மி.மீ. வைர முனை பிட், பேட்டரி டிரில் போதும். டிரில்லில் ஹேமர் மோடு (இடித்துத் துளைக்கும் முறை) வேண்டாம். தண்ணீர் தெளித்தபடி மெதுவாகத் துளையுங்கள். அழுத்தினால் விரிசல் விடும்.