பழைய வானின் கிளச் இறுகினால் செய்யக் கூடாதவை

டொல்பின் வான், எல்ஃப் லொறி, டீசல் ஹைலக்ஸ் என்று யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழசுகளில் பெரும்பாலும் ஒயிலால் வேலை செய்கிற கிளச்தான். (மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், அதில் இருப்பது கம்பித் தொடுப்பு.) பெடலை மிதித்தால் மாஸ்ரர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும், அது இரும்புக் குழாயிலும் பிறகு ஒரு ரப்பர் ஓஸிலும் ஓடி, கியர்பொக்ஸ் பக்கத்தில் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும், அது ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் பெயரிங்கைத் தள்ளும், பெயரிங், கிளச் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்திருக்கிற பிறசர் பிளேற்றை அமுக்கும். இதில் எந்த இடம் இறுகினாலும் காலுக்குத் தெரிவது ஒன்றுதான், பெடல் கல்லு மாதிரி. அதனால்தான் ஆளுக்கொரு சாமானைக் கழற்றுகிறார்கள்.

அதிகம் நடக்கிற தவறு, எடுத்த எடுப்பில் எயார் எடுக்கப் போவது, அதாவது ஒயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றப் போவது. "எயார் ஏறிட்டுது தம்பி, எடுத்து விட்டாச் சரி" என்று சொல்லாத கராஜ் இல்லை. காற்று அமுங்கும், ஒயில் அமுங்காது. ஆகவே லைனில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரித் தாழும், கியர் விழும்போது கரகரக்கும். இறுகாது. இறுகின பெடலுக்கு எயார் எடுப்பதில் ஒரு போத்தல் ஒயில் செலவாவதைத் தவிர ஒன்றும் நடக்கப் போவதில்லை.

சரி, அப்ப எங்கே தொடங்குவது? இறுக்கம் எந்தப் பக்கத்தில் என்று பிரித்துப் பார்ப்பதில். முதலில் பெடலில் இருந்து மாஸ்ரர் சிலிண்டருக்குப் போகும் கம்பியின் பின்னைக் கழற்றி, பெடலைக் கையால் ஆட்டுங்கள். சிலதில் உதவி ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அது சட்டென்று இழுக்கும், விரல் கவனம். பெடலே இறுக்கமாக ஆடினால் ஒயில் பக்கம் போகவே தேவையில்லை, பெடல் ஆடுகிற அச்சில் உள்ள புஷ் காய்ந்து துருப்பிடித்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற வான்களில் இது சர்வசாதாரணம், அதுவும் குருநகர், காரைநகர், பருத்தித்துறை என்று கடல் காற்றுப் படுகிற இடங்களில் நின்றதென்றால் சொல்லவே வேண்டாம்.

பெடல் லேசாக ஆடினால் பின்னைத் திரும்பப் போட்டுவிட்டு வானுக்குக் கீழே போங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் போல்ற்றுகளைக் கழற்றி, ஓஸ் பூட்டினபடியே வெளியே எடுத்து, அதன் கம்பியைக் கையால் உள்ளே அழுத்துங்கள். ஸ்பிரிங்கின் சின்ன எதிர்ப்போடு வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், மேலே ஒயில் டப்பாவில் மட்டம் கொஞ்சம் ஏறும். போக மறுத்தால் பிளீட் நிப்பிளை (எயார் எடுக்கத் திறக்கிற சின்னத் திருகு) திறந்துவிட்டு இன்னொரு தடவை அழுத்துங்கள். இப்போது லேசாகப் போனால் ஸ்லேவ் நல்லது, அடைப்பு ஓஸிலோ மாஸ்ரரிலோ. திறந்த பிறகும் இறுக்கமென்றால் ஸ்லேவின் பிஸ்ரனே பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வேலை நடக்கும்போது ஒருவரும் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்ரன் வெளியே பாய்ந்துவிடும். வெளியே எடுத்த கையோடு ஃபோர்க்கையும் ஆட்டிப் பாருங்கள், பெயரிங் போய் முட்டும்வரை பிசகில்லாமல் அசைய வேண்டும்.

ஓஸை வெளிப்பார்வைக்கு நம்பி விடுவது இன்னொரு தவறு. மேலே வெடிப்பு ஒன்றும் இருக்காது, உள்ளே ரப்பர் வீங்கி வழி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதிக்கக் கடினம், விட்டால் ஒயில் திரும்பி வரவும் தாமதம், அதனால் பெடல் ஆறுதலாக எழும்பும், கிளச் கொஞ்ச நேரம் வழுக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் சிலிண்டரைத் தொடமாட்டேன், ஓஸைத்தான் முதலில் மாற்றுவேன். விலையும் குறைவு.

ஒயில் விஷயத்தில் நம்மூர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது, கிடைத்ததை வைத்துச் சமாளித்தது கெட்டித்தனம்தான். ஆனால் இன்றைக்கும் டப்பாவில் மட்டம் குறைந்தால் கையில் இருக்கிற பவர் ஸ்ரியறிங் ஒயிலையோ எஞ்சின் ஒயிலையோ ஊற்றுவதும், சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவுவதும் தேவையில்லாத வேலை. கிளச்சுக்கும் ஊற்றுவது பிறேக் ஒயில்தான், அதற்கென்று செய்த ரப்பர் அந்த எண்ணெய்களில் ஊறி வீங்கும், வீங்கின ரப்பர் சிலிண்டருக்குள் இறுகும். ஒருக்கால் ஊற்றிவிட்டால் ஒயிலை மட்டும் மாற்றித் தப்ப முடியாது, மேலும் கீழும் உள்ள ரப்பர் எல்லாம், ஓஸும் சேர்த்து, போக வேண்டும். பிறேக் ஒயில் போத்தலில் போட்டிருக்கிற தரங்களில் டொட் 3, டொட் 4 இரண்டும் கலந்தால் பரவாயில்லை, டொட் 5 சிலிக்கோன் ஒயில், அதை இவற்றோடு கலக்கக் கூடாது. கழுவ ஸ்பிரிட் அல்லது புது பிறேக் ஒயிலே போதும்.

ரப்பர் கிற் (சிலிண்டருக்குள் போடுகிற புது ரப்பர் செற்) மட்டும் போட்டுவிட்டு சிலிண்டரின் உள்சுவரைப் பார்க்காமல் பூட்டுவதும் அப்படித்தான். பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், வருடக்கணக்கில் மாற்றாத ஒயிலில் சேர்ந்த தண்ணீர் சுவரைக் குழி குழியாக அரித்துவிடும். குழியை விரல் நகத்தால் தடவினாலே தெரியும். அதை எமரிப் பேப்பரால் தேய்த்து மினுக்கிப் புது ரப்பர் போட்டால் ரப்பர் கிழியும், அவ்வளவுதான்.

புதுச் சிலிண்டர் வாங்கும்போது போல்ற் ஓட்டை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பழையதில் பொறித்திருக்கிற அளவையும் கடையில் காட்டுங்கள். எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 5/8 மாஸ்ரர் இருந்த இடத்தில் 3/4 போட்டால் பிஸ்ரனின் பரப்பு 1.44 மடங்காகும், மிதிக்கிற பாரமும் அதே கணக்கில் ஏறும். புதிதாகப் போட்ட பிறகும் இறுக்கம் என்று மண்டையை உடைக்கிற சில கேஸ் இதுதான்.

பெடல் கம்பியை இறுக்கி விளையாட்டே இல்லாமல் செய்வதும் வேண்டாம். மேலே சில மில்லிமீற்றராவது சும்மா ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஒயில் டப்பாவுக்குத் திரும்புகிற சின்னத் துளை மூடியபடியே இருக்கும், சூட்டில் ஒயில் விரிந்து கிளச்சைத் தானே மிதித்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரி, ஸ்லேவும் லேசு, பெடலும் லேசு, ஆனால் பூட்டினால் பாரம் என்றால் கோளாறு உள்ளேதான். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிய பாரம் பெரும்பாலும் டிஸ்க் தேய்ந்து பிறசர் பிளேற்றின் விரல்கள் (பெயரிங் அமுக்குகிற ஸ்பிரிங் நுனிகள்) கோணம் மாறியதால் வருவது. அதற்குக் கியர்பொக்ஸ் இறக்க வேண்டும். இறக்கினால் டிஸ்க், பிளேற், பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், பெயரிங் ஓடுகிற குழலில் தேய்மானக் கோடு விழுந்திருந்தால் அதையும்.