திடலில் நடுவராக நிற்பவருக்குக் கண் பாதுகாப்பு: கண்ணாடி வாங்குவது முதல் ஆட்டம் முடியும் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் திடல்களில் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகளும் சைகைகளும் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு நேராகக் கண்ணுக்கு வருகிறேன். மட்டை பிடிக்கும் அணி மர நிழலில் உட்கார்ந்திருக்கும். நடுவருக்கு அந்த வசதி கிடையாது. நம் நாட்டில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே உச்ச நிலை.

முதல் படி, லென்ஸ். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் கறுப்புக் கண்ணாடியை வாங்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரிந்து, கூடுதலான கதிரை உள்ளே விடும். ‘யூவி 400’ என்ற குறி இருக்க வேண்டும். 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களை அது தடுக்கிறது என்பது பொருள். லென்ஸ் பாலிகார்பனேட்டாக (எளிதில் உடையாத பிளாஸ்டிக்காக) இருப்பதும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள தோல் பந்து நேராகத் திரும்பி வரும்போது உடைந்து சிதறும் கண்ணாடி, கண்ணாடியே இல்லாததை விட ஆபத்தானது. என் விருப்பத்தைச் சொல்வதானால், பெயர் பெற்ற நிறுவனத்தின் அலங்காரக் கண்ணாடியை விட, வன்பொருள் கடையில் விற்கும் ‘இசட் 87+’ என்ற அமெரிக்கத் தரக் குறியிட்ட பாதுகாப்புக் கண்ணாடியையே தேர்ந்தெடுப்பேன். அந்தக் கூட்டல் குறி, பலத்த மோதலுக்குச் சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. நிறத்தில் பழுப்பு நல்லது, பச்சைப் புல்லின்மேல் சிவப்புப் பந்து எடுப்பாகத் தெரியும். மாலை ஆட்டங்களுக்கு 2-ஆம் வகை வடிகட்டி (18 முதல் 43 விழுக்காடு ஒளியை விடுவது) போதும்; அதைவிடக் கருமையான 3-ஆம் வகை, செம்பனை நிழல் திடலில் விழத் தொடங்கியதும் பந்தை மறைத்துவிடும்.

இரண்டாம் படி, பனிப்பு, அதாவது லென்ஸில் ஆவி படிந்து மங்குவது. நம் ஊரில் பலரும் பாதி ஆட்டத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவது இதனால்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடுகிற ஆட்டக்காரரின் முகத்தில் காற்று பட்டுக்கொண்டே இருக்கும். நடுவரோ அசையாமல் நிற்கிறார். முகத்துச் சூடும் வியர்வை ஆவியும் புருவத்துக்கும் லென்ஸுக்கும் இடையே தேங்கிவிடுகின்றன. ஆகவே கடையில் கண்ணாடியை அணிந்து குனிந்து நிமிருங்கள்: இமை மயிர் லென்ஸில் உரசக் கூடாது, புருவத்துக்குக் கீழே காற்றுப் போக மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், தலையை ஆட்டினாலும் மூக்கிலிருந்து வழுக்கக் கூடாது. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்றில் பனிக்கும் என்பதால், ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே அதை வெளியே எடுத்து நிழலில் வைத்துவிடுங்கள். காரின் முன்பலகையில் வைக்காதீர்கள், அந்த வெப்பம் பூச்சைக் கெடுக்கும். முதல் நாள் இரவு, லென்ஸில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, அலசி, தானாக உலர விடுங்கள். வியர்வை மூக்குத்தண்டில் இறங்கி லென்ஸின் கீழ் விளிம்பில் சொட்டாக நின்று காயும்போது வெள்ளை உப்பு வளையம் விடும். அதைச் சட்டை நுனியால் தேய்த்தால் உப்பும் மண்ணும் சேர்ந்து லென்ஸைக் கீறும். ஓவர் முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, மென்துணியால் ஒற்றுங்கள். நெற்றியில் கட்டும் துணிப்பட்டை இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும்.

மூன்றாவது, தொப்பியும் களிம்பும். சுற்றிலும் அகன்ற விளிம்புள்ள தொப்பியே வேண்டும். முன்விளிம்பு மட்டும் உள்ளது காதையும் பிடரியையும் காக்காது. வெயில் காப்புக் களிம்பைப் புருவத்துக்கு மேலே பூசாதீர்கள், வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும். கன்னம், காது, பிடரியில் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள்.

ஆடுகளங்களைப் பொதுவாக வடக்கு தெற்காக அமைப்பது சாயும் வெயில் ஆட்டக்காரர் கண்ணில் விழாதிருக்கத்தான். தோட்டத்தில் இடத்துக்கு ஏற்பக் கிழக்கு மேற்காக அமைந்த திடல்களும் உண்டு. அங்கே மேற்குப் பார்த்து நிற்கும் நடுவருக்கு எந்த லென்ஸும் முழுமையாக உதவாது. பந்து தெரியவில்லை என்றால் தயங்காமல் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, மட்டையாளரின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

நீரைத் தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 35 பாகை செல்சியஸை எட்டினால் வானிலைத் துறை முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடும். அந்நாள்களில் கூடுதல் நீர் இடைவேளைக்கு இரு தலைவர்களிடமும் டாஸுக்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பவர் கண்ணாடி அணிபவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மேலே மாட்டும் கறுப்பு லென்ஸ் வேண்டாம், இரண்டு அடுக்குக்கும் இடையில் பனிக்கும். கண்ணாடிக் கடையில் உங்கள் பவரையே பாலிகார்பனேட்டில், நிறமேற்றிச் செய்து தரச் சொல்லுங்கள். பின்னால் கட்டும் நாடாவையும் மறக்காமல் வாங்குங்கள்.