கரட்டிலிருந்து ஏரி வரை: தருமபுரி, கிருஷ்ணகிரி நிலங்களில் மண்ணை இனங்காணும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மண் எப்படிப்பட்டது என்று யாரைக் கேட்டாலும் ‘செம்மண்’ என்ற ஒரே சொல்லில் விடை வந்துவிடும். அந்த விடை தவறன்று. ஆனால் இரண்டு ஏக்கரில் மாங்கன்று வைப்பதா, தக்காளி நடுவதா, கொள்ளு விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அது போதாது. ஒரே சர்வே எண்ணில் மேற்கோடியில் முழ ஆழத்திலேயே கடப்பாரை பாறையில் மோதி நிற்க, கீழ்க்கோடியில் நான்கடி தோண்டியும் கரிய களிமண் வந்துகொண்டே இருக்கும் நிலங்கள் இங்கே ஏராளம். ஆகவே மாவட்ட மண் வரைபடத்தில் தம் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தேடுவதைவிட, தம் நிலம் அருகிலுள்ள கரட்டுக்கும் (பாறைக் குன்றுக்கும்) ஏரிக்கும் நடுவில் எந்த உயரத்தில் கிடக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் பாறையும் சரிவும். இந்தப் பகுதியின் அடியில் கிரானைட், நைஸ், சார்னோகைட் ஆகிய மிகப் பழைய கடினப் பாறைகள் உள்ளன. அவை இருந்த இடத்திலேயே மக்கி உதிர்ந்ததால் உண்டானதே நம் மண்ணின் பெரும்பகுதி. ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் அளவில் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாகப் பெய்யும் மழை, கரட்டின் மேலிருந்து நுண்ணிய களித்துகள்களைக் கீழே இழுத்துச் சென்று, பரல்களையும் மணலையும் மட்டும் மேலே விட்டுவிடுகிறது. நீர் தேங்காத நடுச்சரிவில் பாறையிலுள்ள இரும்பு காற்றுப் பட்டுத் துருவேறுவதால் மண் சிவக்கிறது. நீரும் களியும் சுண்ணாம்பும் வந்து சேரும் பள்ளத்தில் மண் கறுத்து, ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் வெடிக்கிறது. மேலே சரளை, நடுவில் செவ்வல், கீழே கரிசலோ வண்டலோ என்னும் இந்த வரிசை, சிற்சில மாறுதல்களோடு, ஏறக்குறைய ஒவ்வொரு ஓடைப் படுகையிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த வரிசையை மனத்தில் கொண்டால் இரு மாவட்டங்களின் பரவலும் எளிதில் விளங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர், தளி, கெலமங்கலம் மேட்டுநிலத்தில் சரிவு மென்மையாக இருப்பதால் ஆழமான செம்மண் பல இடங்களில் தங்கியிருக்கிறது; கேழ்வரகும் முட்டைக்கோசும் ரோஜாவும் மல்பெரியும் அங்கே செழிப்பதற்கு, குளிர்ந்த காற்றோடு இந்த ஆழமும் ஒரு காரணம். அங்கிருந்து இறங்கிக் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் வந்தால் கரடுகள் நெருங்குகின்றன. அவற்றின் அடிவாரச் சரளை கலந்த செம்மண்ணில்தான் மாந்தோப்புகள் விரிந்திருக்கின்றன. தென்பெண்ணையின் கரையில், குறிப்பாக 1957-இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் ஆயக்கட்டில், ஆற்று வண்டல் கலந்த மண்ணில் நெல்லும் தென்னையும் நிற்கின்றன. தருமபுரி வட்டத்தில் செம்மணற்பாங்கான நிலத்தோடு கரிசலும் கரிசல் கலந்த இருமண் பாடும் (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) திட்டுத் திட்டாக வருகின்றன. அரூர்ப் பக்கம் செம்மணற்பாங்கான நிலமே மிகுதி; ஆயினும் பாப்பிரெட்டிப்பட்டியையொட்டிய பாசனப் பள்ளங்களில் மஞ்சளும் கரும்பும் தாங்கும் கனத்த மண் உண்டு. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்து மேட்டாங்காடுகளில் ஆழம் குறைவு. அங்கே சாமையும் கொள்ளும் நிலக்கடலையும் நிலைத்து நிற்பது மண்ணறிந்து செய்த தேர்வு. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைகளில் இலைமக்கு சேர்ந்த மண் தனி வகை. அதனை இந்தக் கட்டுரையில் விரித்துரைக்கவில்லை.

இனி செய்முறைக்கு வருவோம். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலிருந்து உங்கள் சர்வே எண்ணுக்குரிய புல வரைபடத்தை எடுத்துப் பெரிதாக்கிப் படி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், அந்தத் தாளோடு நிலத்தின் மேற்கோடியிலிருந்து கீழ்க்கோடி வரை நடந்து, நீர் ஓடிய தடம், நீர் தேங்கிய இடம், மேற்புறம் ஓடு கட்டியது போல் இறுகிய இடம், பரல் கிளம்பிக் கிடக்கும் இடம் ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். ஆவாரை தானாக முளைத்து நிற்கும் மேடு பெரும்பாலும் ஆழமற்ற சரளையாகவும், கோரை விடாமல் வரும் பள்ளம் ஈரம் தங்குவதாகவும் இருக்கும். எனினும் செடியைக் குறிப்பாக மட்டும் கொள்ள வேண்டுமே தவிர முடிவாகக் கொள்ளக் கூடாது. இந்த ஒரு நடையிலேயே நிலம் இரண்டு அல்லது மூன்று பகுதிகளாகப் பிரிந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழி தோண்ட வேண்டும். மூன்றடி ஆழம், அல்லது பாறை தட்டும் வரை. வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கொத்துக்கரண்டியால் சீவிவிட்டுப் பார்த்தால், நிறம் எங்கே மாறுகிறது, பரல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் உள்ளனவா, பழைய பயிரின் வேர்கள் எந்த ஆழத்தோடு நின்றுவிட்டன என்ற நான்கு செய்திகளும் கிடைக்கும். வேர் நின்ற ஆழத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன். ஏனெனில் மண்ணின் உண்மையான ஆழம் அதுவே. வேர் ஓரடியில் பக்கவாட்டில் திரும்பியிருந்து, அங்கே பாறையும் இல்லையென்றால், ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததால் உண்டான இறுகிய அடுக்கு அங்கே இருக்கிறது என்று பொருள். குழி தோண்ட ஆள் கிடைக்காதபோது, கல் கட்டாத திறந்த கிணறு பக்கத்தில் இருந்தால் அதன் மேற்சுவரையும், சாலைக்காக வெட்டிய மண்மேட்டையும் பார்க்கலாம். மக்கிய பாறை எவ்வளவு ஆழத்துக்கு உளுத்திருக்கிறது என்பதைக் கிணற்றுச் சுவர்போல் வேறொன்றும் காட்டாது. மாமரத்தின் வேர் அந்த உளுத்த பாறைக்குள்ளும் இறங்கி ஈரம் தேடும் என்பதால், மேல்மண் குறைவாகத் தோன்றும் சரிவிலும் மா நிற்பதன் காரணம் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

மண்ணின் நயத்தை, அதாவது மணலும் களியும் எந்த அளவில் கலந்துள்ளன என்பதை, அறியக் கையே போதும். ஒரு கைப்பிடி மண்ணைச் சலித்துப் பரலை நீக்கி, சிறிது சிறிதாக நீர் விட்டுப் பிசையுங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் மணல். உருண்டை நின்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளும்போது ஓரங்குலத்துக்குள் அறுந்தால் இருமண் பாடு. ஓரங்குலத்திலிருந்து இரண்டங்குலம் வரை நீண்டால் களி கலந்த இருமண் பாடு. அதற்கு மேலும் அறாமல் நீண்டால் களி. ஐயம் இருந்தால் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீருமாக நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள்: ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துப் படிவது களி. மூன்று பகுதிகளின் புட்டிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மேலிருந்து கீழே போகப் போகக் களியின் அடுக்கு தடிப்பதை வீட்டிலுள்ள குழந்தைகளும் காண்பார்கள்.

சுண்ணாம்பைத் தனியே சோதிக்க வேண்டும். நிறம் இங்கேதான் மிகவும் ஏமாற்றுகிறது: செம்மண்ணிலும் சுண்ணாம்பு உள்ளதும் இல்லாததுமாக இரு வகை உண்டு, மேற்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உலர்ந்த மண் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டால், சுண்ணாம்பு இருக்கும் மண் நுரைத்துப் பொங்கும். அமிலத்தைக் கையாளக் கையுறை வேண்டும், குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. கட்டிச் சுண்ணாம்பாக இருந்தால் எலுமிச்சைச் சாறே நுரை காட்டிவிடும். நுரைக்கும் நிலத்தில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் போகின்றன. அங்கே நிலக்கடலையின் இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால், யூரியாவைக் கூட்டுவதால் பயனில்லை. ஒரு சத இரும்பு சல்பேட் கரைசலைத் தளிர்களில் தெளிப்பதே வழி. கரிசலைப் பற்றியும் ஒரு சொல்: கறுப்பாக இருப்பதாலேயே அது சத்து நிறைந்தது என்று கொள்ளக் கூடாது. நீரைப் பிடித்து வைப்பதில் அது செம்மண்ணை மிஞ்சும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) கரிமச்சத்தும் அங்கேயும் குறைவாகவே இருக்கலாம்.

பிறகுதான் பரிசோதனை நிலையத்துக்கு மண் எடுக்க வேண்டும். இந்த வரிசையை வலியுறுத்துவதற்கு என் சொந்த அனுபவமே காரணம். எங்கள் புஞ்சையின் மேட்டு மண்ணையும் ஓடையோரப் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினோம். வந்த பரிந்துரை இரண்டுக்கும் சராசரியாக அமைந்து, மேட்டில் பயிர் வெளுத்தது, பள்ளத்தில் தேவைக்கு மேல் வளர்ந்து சாய்ந்தது. பரிசோதனையில் பிழையில்லை, இரண்டு மண்ணை ஒரு பையில் போட்டதே பிழை. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனி மாதிரி எடுங்கள். அறுவடைக்குப் பின், உரமிடுவதற்கு முன், பகுதிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் மேற்குப்பையை மட்டும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். கேழ்வரகு, நெல், நிலக்கடலை போன்றவற்றுக்கு 15 சென்டிமீட்டர் ஆழமும், கரும்பு, பருத்தி, வாழை போன்றவற்றுக்கு 22.5 சென்டிமீட்டர் ஆழமும் போதும். மாந்தோப்புக்கு 30, 60, 90 சென்டிமீட்டர் என மூன்று அடுக்கிலும் தனித்தனியே எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குழி, கிணற்றங்கரை ஆகிய இடங்களைத் தவிருங்கள். எடுத்ததை நிழலில் உலர்த்திக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கித் துணிப்பையில் இடுங்கள். நுண்ணூட்டமும் பார்க்க வேண்டுமானால் இரும்புக் கருவி கூடாது. மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ பயன்படுத்தலாம்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை கார அமில நிலையும் (pH) உப்பின் அளவும் ஆகும். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு இடையூறில்லை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸுக்குக் கீழ் இருந்தால் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கரிமச்சத்து 0.5 சதத்துக்குக் கீழும், தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 11 கிலோவுக்குக் கீழும் இருந்தால் அவை குறைவு என்ற பிரிவில் வரும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்தே சோதியுங்கள். இந்தப் பாறைகளின் வழியாக வரும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்டது. குடிநீரில் கண்ட அந்த உறவு பாசனத்திலும் உண்டு. உப்பும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், நல்ல செம்மண்ணும் சில ஆண்டுகளில் கார நிலைக்கு நகரும். பயிர் இரகம் பற்றிய ஐயங்களுக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். பையூர் 2 கொள்ளும் பையூர் 2 சாமையும் மானாவாரிக்கென்றே அங்கே உருவான இரகங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் புல வரைபடத்தில் பகுதிகளை வண்ணமிட்டு, ஒவ்வொன்றிலும் ஆழம், நயம், சுண்ணாம்பு, அறிக்கை எண்கள் ஆகியவற்றை எழுதிவிடலாம். என் கணக்கில், ஓரடிக்குக் குறைந்த சரளையில் கொள்ளும் சாமையும். ஓரடியிலிருந்து இரண்டடி வரை உள்ள செவ்வலில் கேழ்வரகும் நிலக்கடலையும். மூன்றடிக்கு மேற்பட்டதிலும், அடிப்பாறை நன்கு உளுத்த சரிவிலும் மரப்பயிர். நீர் தேங்கும் கரிசல் பள்ளத்தில் வடிகால் வெட்டாமல் தக்காளி கூடாது. நிலக்கடலைக்கு 40 முதல் 45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், செம்மண்ணில் காய் திரண்டு பொக்கு குறையும். மழைக்குப் பின் மேல்மண் ஓடு கட்டும் இடத்துக்கு ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரம் அல்லது 12.5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவும், கார அமில நிலைக்கேற்ப 2 டன் சுண்ணாம்போ ஜிப்சமோ இடலாம். அமிலத்தில் நுரைத்த பகுதியில் மட்டும் சுண்ணாம்பு இடவே கூடாது. உழவால் இறுகிய அடுக்கு இருந்தால், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் அடுக்கு உடையாது.

மேட்டுப் பகுதிக்கு எல்லாவற்றிலும் சிறந்த மருந்து கீழே ஏரியில் கிடக்கிறது. மழை ஆண்டுக்கணக்காக மேட்டிலிருந்து கழுவிச் சென்ற களியும் மக்கும்தான் அந்த வண்டல். வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்றால் விவசாயிகள் அதனைக் கட்டணமின்றி எடுக்கலாம். ஏற்றுமுன் வண்டலிலும் ஒரு கைப்பிடி எடுத்து நாடாவாகத் தள்ளிப் பார்த்து, மணல் மிகுந்த வாய்க்கால் முகப்பை விட்டு, களி மிகுந்த உட்பகுதியிலிருந்து எடுங்கள்; கழிவுநீர் கலக்கும் ஏரியாக இருந்தால் உப்பின் அளவைச் சோதிக்காமல் ஒரு வண்டியும் ஏற்ற வேண்டாம். ஹெக்டேருக்கு 25 டன் வீதம், புட்டியில் களி மிகக் குறைவாகப் படிந்த பகுதியில் முதலில் பரப்பி, தொழுவுரத்தோடு கோடை உழவில் சரிவுக்குக் குறுக்காக உழுது கலந்துவிட்டு, அடுத்த அறுவடை முடிந்ததும் அதே இடங்களில் மீண்டும் மாதிரி எடுத்து வரைபடத்தில் பழைய எண்களின் பக்கத்திலேயே புதிய எண்களையும் தேதியையும் எழுதிவையுங்கள்.