லோ ஆங்கிள் என்றாலே கெத்தா? ஷாட்டைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா கீழிருந்து மேலே பார்த்தால் ஆள் பலசாலி. மேலிருந்து கீழே பார்த்தால் பாவப்பட்டவன். சிவப்பு வந்தால் ஆபத்து, கண்ணாடி வந்தால் இரட்டை மனசு. சினிமா அலசல் வீடியோக்களில் இந்த அகராதி ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் தவறு இதுதான், மற்றவை பெரும்பாலும் இதற்குப் பிறந்தவை.

1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் ஒரு காட்சி. படத்தை இயக்கிய ஆர்சன் வெல்ஸே நடித்த பத்திரிகை முதலாளி கேன், கவர்னர் தேர்தலில் தோற்றுவிட்டார். ஆளில்லாத அலுவலகம். குடித்துவிட்டு வந்த நண்பர் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்கிறார். இந்தக் காட்சியை எடுக்கத் தரையை வெட்டிக் கேமராவை உள்ளே இறக்கினார்கள். அவ்வளவு லோ ஆங்கிள். அகராதிப்படி கேன் இங்கே அசுரனாகத் தெரிய வேண்டும். உருவம் என்னவோ பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் தலைக்கு மேலேயே கூரையும் தெரிகிறது. அந்தக் காலத்து ஹாலிவுட் செட்டுகளில் விளக்குகளுக்கு இடம் வேண்டுமென்று பெரும்பாலும் கூரையே போட மாட்டார்கள். இங்கே துணியைக் கட்டிக் கூரை செய்தார்கள். அதனால் ஆள் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அறை அவரை நெருக்குகிறது. ஆங்கிள், கூரை, காலியான அலுவலகம், சற்றுமுன் கேட்ட தோல்விச் செய்தி எல்லாம் சேர்ந்துதான் பொருள் தருகின்றன. ஆங்கிளை மட்டும் பிய்த்து எடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது.

நிறமும் அப்படித்தான். வெள்ளை நல்லது, கறுப்பு கெட்டது என்று ‘காலா’வுக்குள் போனால் வழி தப்பிவிடும். அங்கே தூய்மையைப் பற்றிப் பேசும் அரசியல்வாதிதான் வெள்ளையில் இருக்கிறார், கறுப்பு நாயகனுடையது. ஒரு நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதை அந்தப் படமே நமக்குச் சொல்லித்தரும், கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்தது, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. கேனின் சிறுவயதுக் காட்சியில் மேஜைக்கு முன்னால் அம்மாவும் வங்கிக்காரர் தாட்சரும், பையனைத் தாட்சரின் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் அப்பா நின்று மறுத்துப் பேசுகிறார். கடைசியில் ஒரு ஜன்னல், அதற்கு அப்பால் பனியில் விளையாடும் பையன். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்னால் இருப்பது முதல் பனிவரை எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுகிறார், எதுவும் மங்கவில்லை. யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ, அவன்தான் ஃபிரேமில் மிகச் சிறியவன். ஜன்னல் சட்டத்துக்குள் அடைபட்டிருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வசனத்தை மட்டும் பின்தொடர்ந்தால் இது ஒரு சொத்துப் பேச்சு, அவ்வளவே. (டோலண்டின் பெயரை வெல்ஸ் தன் பெயரோடு ஒரே டைட்டில் கார்டில் போட்டார். எல்லாவற்றையும் ‘டைரக்டர் டச்’ என்று எழுதுபவர்கள் அதை ஒருமுறை பார்க்கலாம்.)

சரி, இதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு விளக்கிவிடலாமா? அது மூன்றாவது தவறு. இந்த ஷாட் பையனோடு வெளியே பனியில்தான் தொடங்குகிறது. அப்புறம் கேமரா பின்வாங்கி ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. நம் கண்முன்னேதான் அவன் தூரமாகிறான். அசையாத படத்தில் அந்தப் பிரிவு கிடையாது. படத்தில் பிறகு கேன் தன் பத்திரிகைகளின் பிடியைக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் காட்சியும் இதே ரகம். பின்னால் தெரியும் ஜன்னல்கள் முதலில் சாதாரண அளவாகத்தான் தோன்றும். பேசிக்கொண்டே அவர் அவற்றை நோக்கி நடந்து போன பிறகுதான் அவை எவ்வளவு ராட்சச அளவு என்று தெரிகிறது. அதற்குள் கேன் சின்னப் பையன்போல ஆகிவிடுகிறார். நிறுத்திப் பார்ப்பது தப்பில்லை. ஆனால் திரும்ப ஓடவிட்டும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, குறியீட்டு வேட்டை. மேஜையில் ஆப்பிள் இருந்தால் ஏவாள், சுவரில் கடிகாரம் இருந்தால் காலம் என்று தோண்டுவது. அந்தப் பொருள் திரும்ப வருகிறதா, வெளிச்சம் அதன்மேல் விழுகிறதா, யாராவது அதைத் தொடுகிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது பெரும்பாலும் கலை இயக்குநர் வைத்த ஆப்பிள்தான், விட்டுவிடலாம். குறும்படம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்: சோகமான மருமகளுக்குப் பின்னால் கூண்டுக்கிளி வேண்டவே வேண்டாம்.

கேனும் முதல் மனைவியும் காலை உணவு சாப்பிடும் காட்சித்தொடரில் பொருளை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வருடங்கள் ஓட ஓடப் பேச்சு குறைகிறது. கடைசியில் நீண்ட மேஜையின் இரு முனைகளில் இருவரும் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். கேன் நடத்துவது ‘இன்கொயரர்’. மனைவி கையில் இருப்பதோ போட்டிப் பத்திரிகையான ‘கிரானிக்கிள்’. இதைக் குறியீடு என்று சொல்வதுகூட அதிகம். கணவன் கண்ணெதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்காமலேயே சண்டை போடுகிறாள்.